தடைக்கு முன்னால் நிலம்: முத்துலட்சுமி ரெட்டியும் பொட்டுக்கட்டு ஒழிப்பும்

சிறுமிகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்திய பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1947. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அந்த ஆண்டுக்குப் பக்கத்திலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறிய நாளில் அவர் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. பதவியை விட்டு 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சென்னை சட்டமன்றத்தில் இருந்ததே சுமார் மூன்றரை ஆண்டுதான்.

அந்த மூன்றரை ஆண்டில் தேவதாசி முறையைப் பற்றி அவர் கையால் நிறைவேறிய சட்டம் 1929-ல் வந்தது. அது யாரையும் தண்டிக்கவில்லை, எந்தச் சடங்கையும் தடுக்கவில்லை. நிலத்தைப் பற்றி மட்டும் பேசியது. 1947 சட்டத்தின் நிழலில் அது மறைந்துபோய்விட்டது. அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே மிகக் கூர்மையான காரியம் அதுதான் என்பது என் கணிப்பு. அதனால் இந்த ஆய்வு அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் போகப்போகிறது. மற்றவற்றைத் தேவைக்கு மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

முறையும் மானியமும்

முதலில் கோயிலுக்கும் தேவதாசிக் குடும்பங்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் புரிய வேண்டும். பருவமடையாத ஒரு சிறுமிக்குச் சாமியின் பெயரால் தாலி கட்டுவதுதான் பொட்டுக்கட்டு. கணவன் தெய்வம் என்பதால் அவள் நித்தியசுமங்கலி. விதவை என்ற நிலையே அவளுக்குக் கிடையாது. கோயிலில் அவளுக்கு 'முறை' உண்டு. குறிப்பிட்ட நாட்களில் கும்பஹாரத்தி விளக்கு எடுப்பது, சாமரம் வீசுவது, ஊஞ்சலில் சாமிக்குப் பாடுவது, உற்சவத்தில் சதிர் என்ற நடனம் ஆடுவது எல்லாம் அந்த முறைக்குள் வரும். பிரதியாகக் கோயில் கொடுத்தது மானியம். சில இடங்களில் நிலமே கொடுக்கப்பட்டிருக்கும்; சில இடங்களில் நிலத்தின் வரி வருமானத்தில் ஒரு பங்கு.

சிக்கல் அந்த மானியத்தின் நிபந்தனையில் இருந்தது. ஊழியம் நடக்கும்வரைதான் நிலம். வீட்டில் ஊழியத்துக்கு ஆள் இல்லையென்றால் கோயில் நிர்வாகம் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு அறுபது வயது, தாய்க்கு முப்பத்தைந்து, பேத்திக்கு எட்டு. சாப்பாடு அந்த மானிய நிலத்திலிருந்து வருகிறது. பாட்டியால் இனி உற்சவத்தில் நிற்க முடியாது. தாய்க்கு இன்னும் சில வருடம் ஓடும். அதற்கு அப்புறம்? பேத்திக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் போய்விடும். பேத்தியே இல்லையென்றால் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தாவது ஊழியத்தைத் தொடர வேண்டும். இந்து சட்டத்தில் மற்றவர்கள் மகனைத் தத்தெடுத்த காலத்தில் இந்தச் சமூகத்தில் மகளைத் தத்தெடுக்கும் வழக்கம் இருந்ததற்கும், சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பக்தியும் கலையும் இதில் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தலைமுறைக்கு ஒரு சிறுமியைக் கேட்டுக்கொண்டே இருந்தது அந்த நிலம்.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று கேட்டவர்கள் இவற்றைத்தான் காட்டினார்கள். கோயிலில் தாலி கட்டும்போது அங்கே விற்பனை எதுவும் நடப்பதில்லை, சடங்குதான் நடக்கிறது. நோக்கத்தை நிரூபிப்பது யார்? சொந்த வீட்டுக்கு எதிராக யார் சாட்சி சொல்வார்கள்?

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அதாவது பின்னாளில் மகள் எந்த முறையை ஒழிக்கப் போராடினாரோ, அந்த முறை எந்தக் குடும்பங்களைச் சுற்றியிருந்ததோ, அவற்றில் ஒன்றிலிருந்து வந்தவர். அவரைத் திருமணம் செய்ததற்காக நாராயணசாமி ஐயரைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள்.

மெட்ரிகுலேஷன் முடித்த மகளை ஆண்கள் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வந்தது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். வகுப்பில் மற்ற மாணவர்கள் கண்ணில் படாமல் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். மூடிய வண்டியில் போய் மூடிய வண்டியில் திரும்பினார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக்கூடாது என்பது அவர் முன்கூட்டியே போட்ட நிபந்தனை.

அவருடைய அரசியலை மருத்துவத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பிரசவ வார்டில் பதினான்கு வயதுத் தாய்மார்களைப் பார்த்தவர் குழந்தை மணத்தைப் பற்றிப் பேசும்போது வேதத்தையோ சாஸ்திரத்தையோ முதலில் எடுக்கமாட்டார். பால்வினை நோய்க்கு மருந்து எழுதிக்கொடுத்தவருக்கு 'மரபு' என்ற சொல்லைக் கேட்டால் வேறொன்று ஞாபகம் வரும். இதுதான் அவர் பலம். குறையும் இங்கிருந்துதான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நியமன உறுப்பினர்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-ல் வந்தது; தேர்தலில் நிற்கும் உரிமை 1926-ல். அந்த ஆண்டு தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அடையாறில் 1917-ல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் நியமன இடத்துக்கு முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது. டாக்டர் தொழில் கெட்டுவிடுமே என்று அவர் தயங்கினார். அப்புறம் ஒத்துக்கொண்டார். 1927 ஜனவரியில் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்றைய அவை ஒரு விசித்திரமான நிலையில் இருந்தது. 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி, சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் விட்ட இரட்டையாட்சியில் பங்கேற்க மாட்டோம் என்று அமைச்சரவை அமைக்க மறுத்தது. நீதிக்கட்சி தோற்றிருந்தது. எனவே டாக்டர் பி.சுப்பராயன் தலைமையில் கட்சி சாராத அமைச்சரவை. கட்சிக் கொறடாவின் பிடி தளர்ந்த அவையில், எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு நியமன உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து ஓட்டுச் சேர்க்க முடிந்தது. வலுவான கட்சி ஆட்சி நடந்திருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1927 நவம்பரில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார்: கோயில்களுக்குச் சிறுமிகளை அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும். அவை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் என்பது பரிந்துரை, அரசைக் கட்டுப்படுத்தாது. பக்கத்து மைசூர் சமஸ்தானம் 1909-லேயே தன் கோயில்களில் இதை நிறுத்தியிருந்தது. அங்கே ஆண்டவர் இந்து மன்னர். சென்னையில் ஆண்டது பிரிட்டிஷ் அரசு. மத விஷயத்தில் கை வைத்தால் வம்பு என்ற பழைய பயம் அவர்களை விடவில்லை. உறுப்பினர்கள் விரும்பினால் மசோதா கொண்டுவரட்டும், பொதுமக்கள் கருத்தைப் பார்க்கலாம் என்று ஒதுங்கி நின்றார்கள்.

இங்கேதான் அவர் தடைச் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழியில் போனார். இந்து அறநிலையச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மானிய நிலம் வைத்திருக்கும் தேவதாசிக்கு அந்த நிலம் இனி ஊழிய நிபந்தனை இல்லாமல் சொந்தம். அதற்கு ஒரு வரி கட்டினால் போதும். நிலமில்லாமல் வருமானப் பங்கு மட்டும் பெற்றவர்களுக்கு அவர்கள் ஆயுள்வரை அந்தப் பங்கு தொடரும். இரண்டு வகையினரும் கோயிலில் ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 1929 தொடக்கத்தில் இது நிறைவேறியது. அந்த ஆண்டின் ஐந்தாவது சட்டம்.

இதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மதத்தில் தலையிடுகிறார் என்று சொல்ல முடியாது, சடங்கை அவர் தொடவே இல்லை. சொத்தைப் பிடுங்குகிறார் என்றும் சொல்ல முடியாது, சொத்தை உறுதிப்படுத்தித்தான் கொடுக்கிறார். அந்த எட்டு வயதுப் பேத்திக்குப் பொட்டுக் கட்டினாலும் நிலம் இருக்கும், கட்டாவிட்டாலும் இருக்கும். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் கலையும் கோயில் மரபும் அழிந்துவிடும் என்று எதிர்த்தார்கள். சத்தியமூர்த்திக்கு முத்துலட்சுமி அவையில் கொடுத்ததாக ஒரு சூடான பதிலடி இன்றும் மேடைதோறும் உலவுகிறது. கைதட்டல் வாங்கும் வசனம்தான். ஆனால் மசோதாவைக் கரை சேர்த்தது அந்த வரைவின் நுணுக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

ஓட்டை எங்கே என்றால், நிலமும் மானியமும் இருந்தவர்களுக்குத்தான் இது உதவியது. கோயிலில் சொத்து எதுவும் இல்லாமல் பேருக்குப் பொட்டுக் கட்டிக்கொண்டு பிழைத்த ஏழைக் குடும்பங்களை இந்தச் சட்டம் எட்டவே இல்லை. அங்கே சிறுமியைக் கேட்டது வறுமை.

எதிர்த்து எழுதிய பெண்கள்

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலர் எதிர்த்தரப்பு என்றால் சத்தியமூர்த்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் தேவதாசிகளே. சென்னையில் சங்கம் அமைத்தார்கள், அரசுக்கு மனு எழுதினார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் கோயிலாக எழுப்பியவர். தாசி என்றால் விபசாரி என்று சேர்த்து எழுதாதீர்கள், எங்களில் சிலர் வழி தவறினால் எல்லோரையும் குற்றம் சொல்வது நியாயமா, எங்களுக்கு ஆன்மிகமும் இசையும் படிப்பும் உண்டு என்பது அந்த மனுக்களின் சாரம்.

முத்துலட்சுமி இவர்களுக்குக் காது கொடுக்கவில்லை. பொட்டுக்கட்டிய பெண் என்றால் அவர் கண்ணுக்கு மீட்கப்பட வேண்டிய பாதிக்கப்பட்டவள்; மனுப் போடும் குடிமகள் என்ற இடம் அவளுக்கு அங்கே கிடையாது. டாக்டருக்கு நோயாளி சொல்வதைவிட நோய் முக்கியம் ஆகிவிடுகிற மாதிரி. அன்றைய காலத்தில் படித்து, சொத்து வைத்து, தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அரசுக்கு மனு அனுப்பக்கூடிய பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்ட ஒரு கூட்டம் எதிரே நின்று பேசியபோது அதற்குத் தனியாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சட்டம் வந்த பிறகு சொத்து என்ன ஆகும், தாயிடமிருந்து மகளுக்குப் போன வழி நீடிக்குமா என்ற கேள்வி அவர்களுடையதுதான்.

அதேநேரம், அதே சமூகத்துப் பெண்கள் எல்லோரும் நாகரத்தினம்மாள் பக்கம் நின்றார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தப் பின்னணியிலிருந்தே வந்து, முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம் என்று ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பேசினார். சட்டமன்றத்தில் வாதாடியவர் ஒருவர். தெருவில் வசவு வாங்கியவர் இன்னொருவர். இசை வேளாளர் ஆண்களில் பலரும் ஒழிப்பை ஆதரித்தார்கள். அவர்கள் ஆதரவில் மானப் பிரச்சினை இருந்தது, உண்மை. பெண் வழியில் போய்க்கொண்டிருந்த சொத்தும் செல்வாக்கும் ஆண் பக்கம் திரும்பும் என்பதும் அதில் இருந்தது. காந்தி தன் பத்திரிகையில் முத்துலட்சுமியை ஆதரித்து எழுதினார். பெரியாரின் குடிஅரசு ஆதரித்தது. இந்த இருவரும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

ராஜினாமா

1930 தொடக்கத்தில் அவர் முழுத் தடை மசோதாவையே கொண்டுவந்தார். அது கருத்துக் கேட்புக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. இதற்கிடையில் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. மே மாதம் காந்தி கைதானார். முத்துலட்சுமி எதிர்ப்புத் தெரிவித்துப் பதவியை விட்டார். மசோதாவைத் தள்ளிக்கொண்டு போக அவையில் ஆள் இல்லை. அது அப்படியே காலாவதியானது.

இந்த ராஜினாமா சரியா? அன்றைய நாட்டு நிலையில் அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. ஆனால் அதன் விலை 17 ஆண்டு. 1934-ல் பம்பாய் மாகாணம் தன் தேவதாசிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. சென்னையில் 1937-ல் வந்த காங்கிரஸ் அமைச்சரவையின் காலத்திலும் தடைச் சட்டம் வரவில்லை. முதலில் தொடங்கிய மாகாணம் பின்னால் நின்றது.

அவர் சும்மா இருக்கவில்லை. படிக்கவும் தங்கவும் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் அவர் வீட்டை நாடி வந்தார்கள். அங்கேயே தங்கவைத்தார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்து அடையாறில் நிலைத்தது. சட்டம் எட்டாத இடத்துக்கு ஒரு விடுதி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் தொடங்கிய முயற்சி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அது தனிக் கதை. அதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

சதிர் கைமாறியது

1932 இறுதியில் ஒரு பத்திரிகைச் சண்டை நடந்தது. புதிதாக முதலமைச்சரான பொப்பிலி ராஜாவின் வரவேற்பில் தாசிகளின் நடனம் வைக்கப்பட்டதை முத்துலட்சுமி கண்டித்து எழுதினார். வழக்கறிஞர் ஈ.கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார்: முறையை ஒழியுங்கள், ஆட்டத்தை ஒழிக்காதீர்கள். அவரே பெண் வேடம் போட்டு மேடையில் சதிர் ஆடிக் காட்டியவர். மியூசிக் அகாடமி 1931-லேயே தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களை மேடையேற்றியிருந்தது. பெயரும் பரதநாட்டியம் என்று மாறியது. 1935-ல் பிராமணக் குடும்பத்து ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய நடனப் பள்ளி கலாக்ஷேத்ரா.

ஐந்தாறு வருடத்துக்குள் ஆட்டம் ஒரு சமூகத்துப் பெண்களிடமிருந்து இன்னொரு சமூகத்துப் பெண்களிடம் போய்விட்டது. சொல்லிக்கொடுத்த நட்டுவனார்கள் மட்டும் பழைய வீடுகளிலிருந்து வந்தார்கள். இது முத்துலட்சுமி திட்டமிட்டது அல்ல; அவருக்கு நடனத்தில் பெரிய அக்கறை இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஆங்கிலேயர் இந்த ஆட்டத்துக்கு வைத்த 'நாட்ச்' என்ற சொல்லின் மேல் அவரும் அவரைப் போன்றவர்களும் ஏற்றிய அருவருப்பு, ஆடத் தெரிந்தவர்களை மேடையிலிருந்து இறக்க உதவியது என்பதை மறைத்துப் பேச முடியாது.

1947

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது தடைச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 31-ஆவது சட்டமாக. 1927-ல் முதலமைச்சராக இருந்த அதே சுப்பராயன் இப்போது ஓமந்தூராரின் அமைச்சரவையில் இருந்தார். சின்ன ஊர் மாதிரிதான் அந்தக் காலத்துச் சென்னை அரசியல்.

சட்டத்தை எடுத்துப் படித்தால் இரண்டு மூன்று பக்கம்தான். பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பது செல்லாது. அப்படி அர்ப்பணிக்கப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். அர்ப்பணிப்பை நடத்துகிறவர்களுக்கும் உதவுகிறவர்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். என்னை நிறுத்தியது வேறொரு விதி. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பெண் ஆடுவது, கும்பஹாரத்தியோடு ஆனாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, சட்டவிரோதம். வெறும் ஒரு விளக்கு அது: குடத்தின் மேல் ஏற்றி, சாமியின் திருஷ்டி கழிக்க எடுப்பது. 1929-ல் சடங்கைத் தொடாமல் நிலத்தை விடுவித்தவர்கள், 1947-ல் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே அந்த விளக்கின் பெயரை எழுதித் தடுத்தார்கள்.

இந்தச் சட்டத்தில் இல்லாதது எது என்றும் பார்க்க வேண்டும். முறை இழந்தவர்களுக்கு ஓய்வூதியமோ வேறு வேலையோ பயிற்சியோ பற்றி ஒரு வரி கிடையாது. மானிய நிலம் கையில் இருந்த குடும்பம் 1929 திருத்தத்தின் பலத்தில் நின்றது. நிலமில்லாத குடும்பத்துக்கு 1947 கொடுத்தது தடையை மட்டும்.

முத்துலட்சுமி 1956-ல் பத்ம பூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று காலமானார். இன்று தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் நிரப்பும் மகப்பேறு உதவித் திட்டப் படிவத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு 1989-ல் மூவலூர் அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டது. 2022-ல் அது கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. நாகரத்தினம்மாள் பெயரில் படிவம் எதுவும் இல்லை. திருவையாற்றில் கோயில் இருக்கிறது.

முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். சென்னைச் சட்டமன்றத்தின் கை அங்கே எட்டாது. அந்தச் சமஸ்தானத்துக்குள் இருந்த விராலிமலை முருகன் கோயிலில் ஊழியம் செய்த 32 பேரில் கடைசியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள், ஏழு வயதில் கோயிலுக்கு விடப்பட்டவர். மலைப்படி ஏறிப் போய்ப் பாடியும் ஆடியும் முறை செய்தவர். 2022-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவருக்கு அந்த விருதைக் கொண்டுவந்த கலை, சதிர்.